நடக்காமல் போனதைப் படிக்கிறவர்கள்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்களிடம் எம்.ஏ. வரலாறு முடித்த ஒரு பெண், முனைவர் பட்டத்துக்கு என்ன எடுக்கப்போகிறாய் என்று கேட்டபோது, ஏற்றத்தாழ்வு இல்லாத ஒரு சமுதாயம் எப்படி இருக்கும் என்று தமிழ்நாட்டில் யார் யார் எழுதினார்கள், எங்கெங்கே அதை வாழ்ந்து பார்க்க முயன்றார்கள், அதைத்தான் எடுக்கப்போகிறேன் என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். அடுத்த வாரமே அவளுடைய அப்பா கல்லூரிக்கு வந்துவிட்டார். "சார், பாப்பா படிப்புக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா நடந்ததப் படிச்சாத்தான சார் வரலாறு? நடக்காமப் போனதப் படிச்சு என்ன செய்ய?" என்று கேட்டார்.

நெட் தேர்வு, ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை, அப்புறம் கல்லூரி வேலை என்று நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் கேட்டது சம்பளத்தைப் பற்றி மட்டும் இல்லை. அது நியாயமான கேள்வி, வரலாற்றுத் துறைக்கு உள்ளேயே பலர் கேட்கிற கேள்வியும்கூட. மன்னர்களின் வரலாறு உண்டு, போர்களின் வரலாறு உண்டு, சட்டங்களின் வரலாறு உண்டு. கைகூடாத இலட்சிய சமுதாயங்களுக்கு ஒருவர் வாழ்நாள் முழுக்க வரலாறு எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா? வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதை அவருக்குச் சொல்கிற மாதிரியே இங்கே எழுதுகிறேன்.

இந்தத் துறையில் ஒரு முழு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு நான் முதலில் சொல்வது மாக்ஸ் நெட்லாவின் கதையைத்தான். 1865இல் வியன்னாவை ஒட்டிய ஓர் ஊரில் பிறந்தவர். முனைவர் பட்டம் வாங்கியது வெல்ஷ் மொழியின் இலக்கணத்தில். அந்த ஆராய்ச்சிக்காக லண்டனுக்கு, பிரிட்டிஷ் மியூசியத்துக்கு, வந்து போகத் தொடங்கியவர் அங்கே ஆங்கிலக் கவிஞர் வில்லியம் மோரிஸ் இருந்த சோஷலிஸ்ட் லீக் என்ற அமைப்பில் சேர்ந்தார். 1892இல் அப்பா இறந்து கொஞ்சம் சொத்து கைக்கு வந்தது. அதோடு மொழியியலை விட்டுவிட்டு, அரசும் அதிகாரமும் இல்லாத சமுதாயத்தைக் கனவு கண்டவர்களின் வரலாற்றைச் சேகரிப்பதே தன் வேலை என்று முடிவு செய்துகொண்டார். அவரை யாரும் இதற்கு நியமிக்கவில்லை. எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்கு நாற்காலி போடவில்லை.

அரசே வேண்டாம் என்ற அரசின்மைவாதத்தின் பெரிய தலைவரான ரஷ்யர் பக்கூனின் 1876இல் இறந்துபோயிருந்தார். நாடு நாடாக அலைந்த மனிதர், அவருடைய கடிதங்களும் கையெழுத்துப் பிரதிகளும் அதே மாதிரி நாடு நாடாகச் சிதறிக் கிடந்தன. அவரோடு பழகியவர்கள் இன்னும் உயிரோடு இருந்தார்கள், ஆனால் வயதாகிக்கொண்டிருந்தது. நெட்லாவ் அவர்களைத் தேடிப் போனார். பேசினார், குறித்துக்கொண்டார், கடிதங்களைக் கேட்டு வாங்கினார், கிடைக்காததை உட்கார்ந்து கையால் பிரதி எடுத்தார். 1896க்கும் 1900க்கும் இடையில் பக்கூனினின் வாழ்க்கை வரலாறு மூன்று பெரிய தொகுதிகளாக வந்தது. வந்தது என்றால், அச்சில் இல்லை. தன் கையெழுத்திலேயே நகல் எடுத்து 50 பிரதிகள் மட்டும் உண்டாக்கி, முக்கியமான நூலகங்களுக்குச் சேர்ப்பித்தார். ஒரு மனிதர் தன் இளமையைக் கொட்டி எழுதிய புத்தகத்துக்கு ஐம்பதே பிரதி என்பதை நான் வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் பரிதாபப்படுவார்கள். எனக்குப் பரிதாபம் வரவில்லை. படிக்கிறவன் இன்றைக்கு இல்லாவிட்டாலும் பிறகு வருவான், அவன் வரும்போது காகிதம் இருக்க வேண்டும் என்று நினைத்துச் செய்த வேலை அது.

முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவில் விலைவாசி ஏறிய ஏற்றத்தில் அவருடைய சொத்து கரைந்தே போனது. வியன்னாவில் வறுமையில் இருந்துகொண்டே அரசின்மைவாத வரலாற்றின் முதல் தொகுதியை 1925இல் வெளியிட்டார், அப்புறமும் எழுதிக்கொண்டே இருந்தார். இலட்சிய சமுதாயக் கற்பனைகளுக்கென்றே ஒரு சிறிய வரலாறும் எழுதினார். அதற்குள் அவரிடம் சேர்ந்திருந்தது உலகத்திலேயே பெரிய சேகரிப்புகளில் ஒன்று: ஒரே இதழோடு நின்றுபோன பத்திரிகைகள், கூட்ட நோட்டீசுகள், சிறைக் கடிதங்கள், துண்டறிக்கைகள். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் தொடங்கப்பட்டபோது அதற்கே தன் சேகரிப்பை விற்றார். ஹிட்லர் ஆஸ்திரியாவை எடுத்துக்கொண்ட 1938இல் அந்த நிறுவனத்தின் நூலகர் அன்னி ஆடமா வான் ஷெல்டெமா என்ற பெண்மணி வியன்னாவுக்கே போய் பக்கூனினின் கையெழுத்துப் பிரதிகளை மீட்டு வந்தார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு பெட்டியோடு ரயிலேறுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! 1940இல் நாஜிகள் ஆம்ஸ்டர்டாமுக்கும் வந்து நிறுவனத்தை மூடி, உள்ளே இருந்ததில் பெரும்பகுதியை ஜெர்மனிக்கு அள்ளிப் போனார்கள். மிக முக்கியமான ஆவணங்கள் சில முன்கூட்டியே இங்கிலாந்துக்குப் போயிருந்தன. கொள்ளை போனதில் பெரும்பாலானவை போருக்குப் பின் திரும்பின. ஆனால் 1944இல் ஆம்ஸ்டர்டாமிலேயே இறந்துபோன நெட்லாவ் அதைப் பார்க்கவில்லை.

சரி, இதையெல்லாம் சேர்த்து வைத்து என்ன ஆயிற்று என்று அந்த அப்பா கேட்பார். அதற்கு வின்ஸ்டன்லியைச் சொல்ல வேண்டும். 1649இல் இங்கிலாந்து தன் அரசரின் தலையை வெட்டிய சில மாதங்களில், சர்ரே பகுதியில் செயின்ட் ஜார்ஜ் குன்று என்ற பொது நிலத்தில், ஜெரார்டு வின்ஸ்டன்லி என்பவரும் சில ஏழைகளும் மண்வெட்டியோடு போய் காரட்டும் பீன்ஸும் விதைத்தார்கள். பூமி எல்லோருக்கும் பொதுச் சொத்து, கூலிக்கு உழைக்க மாட்டோம், சேர்ந்து உழைத்துச் சேர்ந்து சாப்பிடுவோம் என்றார்கள். சுற்றியிருந்த நிலக்காரர்கள் குடிசைகளை இடித்து, பயிரை அழித்து, வழக்குப் போட்டு ஒரு வருஷத்தில் விரட்டிவிட்டார்கள். அதன் பிறகு அவரை உலகம் அநேகமாக மறந்தே போனது. 1890களில் லண்டனில் நாடு கடந்து வாழ்ந்த ஜெர்மன் சோஷலிஸ்ட் எட்வர்ட் பெர்ன்ஸ்டைன் அந்தப் பழைய துண்டுப் பிரசுரங்களை எடுத்துப் படித்து 1895இல் எழுதியபோதுதான் வின்ஸ்டன்லி திரும்பி வந்தார். 1918இல் மாஸ்கோவில் புரட்சிச் சிந்தனையாளர்களின் பெயர்களைப் பொறித்த தூணில் அவர் பெயரும் ஏறியது. 1972இல் வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் ஹில் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் வரலாறு படிக்கிற பையனுக்குத் தெரிந்த பெயராகவே ஆகிவிட்டார். குன்றில் விதைத்தது ஒரு வருஷம்கூட நிற்கவில்லை, ஆனால் நிலம் யாருக்கு என்ற கேள்வியைக் கையில் எடுக்கிறவர்கள் இன்றைக்கும் அவரிடம் போகிறார்கள். இடையில் யாரோ அந்தப் பிரசுரங்களைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

மதுரைக்காரர்களுக்கு இதைவிடப் பக்கமான உதாரணம் ராபர்ட் ஓவன். காரணம், மில். ரயில் நிலையத்தை ஒட்டிய ஹார்வி மில்லின் சங்குச் சத்தத்தை வைத்து நேரம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. மில் தொழிலாளிகளுக்காக உண்டான ஹார்விபட்டி இன்றும் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஓவனும் பஞ்சாலைக்காரர்தான். ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் ஆலையை 1800இல் ஏற்றார். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகளை வேலைக்கு எடுக்க மறுத்தார், வேலை நேரத்தைக் குறைத்தார், 1816இல் ஆலைக்குள்ளேயே பள்ளிக்கூடம் திறந்தார், அதில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் வைத்தார். அதே ஓவன், ஒவ்வொரு தொழிலாளி அருகிலும் நான்கு பக்கமும் நான்கு வண்ணம் பூசிய ஒரு மரக்கட்டையைத் தொங்கவிட்டார். கறுப்பு தெரிந்தால் நேற்று வேலை மோசம், வெள்ளை தெரிந்தால் அருமை. எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பேசாத கண்காணி என்று அதற்குப் பெயர்.

ஒரு நல்ல வரலாற்றாசிரியர் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை மட்டும் எழுதினால் அது துதி. மரக்கட்டையை மட்டும் எழுதினால் வசை. என் மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்பது இந்த நேர்மையைத்தான், ஏனென்றால் நாம் நேசிக்கிற மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான் அது கஷ்டம்.

ஓவன் 1825இல் அமெரிக்காவில் நியூ ஹார்மனி என்று ஒரு ஊரையே விலைக்கு வாங்கி, பொதுவுடைமைக் குடியிருப்பாக நடத்திப் பார்த்தார். இரண்டே வருஷத்தில் அது கலைந்தது. ஆனால் அவருடைய சீடர்களும் சேர்ந்திருந்த ஒரு நெசவாளர் கூட்டம் 1844இல் இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் கூட்டுறவுக் கடை ஒன்றைத் திறந்தது. அந்த வழிமுறையைப் பார்த்து 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. இன்று நம் தெரு ரேஷன் கடையின் பலகையில் ஏதோ ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் இருப்பதற்குப் பின்னால் இந்த நீண்ட கதையும் இருக்கிறது. இன்னொரு கிளையும் உண்டு. ஓவனின் பிரசாரகராக ஊர் ஊராகப் பேசிய ஜார்ஜ் ஹோலியோக்தான் பின்னால் மதச்சார்பின்மை இயக்கத்தைத் தொடங்கியவர். அந்த இயக்கத்தை சார்லஸ் பிராட்லா பெரிதாக்கினார். அவர்களைப் படித்த சென்னைக்காரர்கள் சிலர் 1880களில் லௌகிக சங்கம் ஒன்று வைத்து 'தத்துவவிவேசினி' என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தினார்கள். 1925இல் பெரியாரின் குடி அரசு இதழ் தொடங்குவதற்கு நாற்பது வருஷம் முன்னால்! பேராசிரியர் வீ. அரசு அந்த இதழ்களைத் தேடித் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் நம்மில் பலருக்கு இப்படி ஒரு சங்கம் இருந்ததே தெரிய வந்தது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் மாணவி போக வேண்டிய பாதை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓவனியர்கள் திருமணத்தைப் பாதிரியார்களின் கையிலிருந்து எடுக்க வேண்டும் என்றார்கள். 1836இல் பதிவுத் திருமணச் சட்டம் வந்ததும் தங்கள் மன்றங்களிலேயே கூடி மணம் செய்துகொண்டார்கள். அந்த இயக்கத்தின் பெண்கள் என்ன பேசினார்கள், அவர்களுக்கு உள்ளேயே எவ்வளவு எதிர்ப்பு இருந்தது என்பதை பார்பரா டெய்லர் 1983இல் எழுதிய ஒரு நூல் வெளியே கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஓவனைப் பற்றி எழுதியவர்களுக்கு இந்தப் பெண்கள் அடிக்குறிப்பு. இதைப் படிக்கும்போது எனக்கு நினைவு வருவது அருப்புக்கோட்டைப் பக்கத்துச் சுக்கிலநத்தம்தான். 1928இல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்த ஊர். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. 1950களில் சென்னை உயர்நீதிமன்றம் இப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது, 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் சட்டத்தைத் திருத்தி அத்தனை திருமணங்களையும் செல்லும்படி ஆக்கினார். இடையில் கிட்டத்தட்ட நாற்பது வருஷம்! சட்டம் அங்கீகரிக்காத கல்யாணத்தைச் செய்துகொண்டு, ஊரில் வாடகைக்கு வீடு பிடித்து, பிள்ளை பெற்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்து வாழ்ந்த அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள்? தலைவர்கள் பேசியது அச்சில் இருக்கிறது. 1931இல் விருதுநகர் சுயமரியாதை மாநாட்டில் என்னென்ன தீர்மானம் போட்டார்கள் என்பதும் தேடினால் கிடைக்கும். அந்த மாநாட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்ணின் குரலைத்தான் இனிமேல் தேட வேண்டும், அதுவும் பேரப்பிள்ளைகளின் ஞாபகத்தில் மிச்சம் இருக்கும்போதே.

இந்தத் துறையில் இன்னொரு வாழ்க்கையையும் சொல்ல வேண்டும். கிரிகரி கிளேஸ், லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். ஓவனியப் பொருளாதாரத்தில் தொடங்கினார். அந்த நூல் வந்தது 1987இல். ஓவனின் எழுத்துகளைப் பதிப்பித்தார், பிரிட்டனில் வந்த இலட்சிய சமுதாயக் கற்பனைகளை எட்டுத் தொகுதிகளாகத் தொகுத்தார். அப்புறம் 2016இல் அவர் எழுதிய பெரிய புத்தகம் நரகங்களைப் பற்றியது. எல்லோரையும் சமமாக்குகிறேன் என்று புறப்பட்டு ஸ்டாலின் காலமும் கம்போடியாவின் பொல் பொட் காலமும் எப்படி மனிதர்களைக் கொன்று குவித்தன என்று ஆராய்கிறது. கனவுகளின் வரலாற்றாசிரியர் அந்தப் பிணங்களைப் பார்க்காமல் நகர முடியாது என்பதை நான் முழுமனதாக ஏற்கிறேன். இலட்சிய சமுதாயம் என்றால் குறையே இல்லாத சமுதாயம் என்று நினைப்பதுதான் ஆபத்து. மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் இன்னும் இணக்கமாக, இன்னும் சமமாக வாழ்கிற ஏற்பாடு என்று எடுத்துக்கொண்டால் அது எட்டக்கூடியது என்பது அவருடைய வாதம். 2022இல் வந்த நூலில் அதே கேள்வியைச் சூடேறும் பூமியின் முன்னால் வைக்கிறார்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு மதுரையில் பதில் தேட வேண்டுமென்றால் டி.கல்லுப்பட்டிக்கு பஸ் ஏறினால் போதும். 1940இல் தொடங்கிய காந்தி நிகேதன் ஆசிரமம் அங்கே இருக்கிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்த ஜே.சி. குமரப்பா தன் கடைசிக் காலத்தில் வந்து தங்கிய இடம். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் எது என்பதைப் பற்றி 1940களில் சிறையில் இருந்தபடி எழுதினார்: தீர்ந்துபோகிற வளங்களை எடுத்துத் தின்கிற பொருளாதாரம் சண்டையில்தான் போய் முடியும், இயற்கை திரும்பத் தருகிற அளவுக்குள் வாழ்கிற பொருளாதாரம்தான் நிற்கும் என்று. அவர் 1960 ஜனவரி 30இல் இறந்தார், காந்தி இறந்த அதே தேதி. இன்று உலகம் முழுக்கச் சுற்றுச்சூழல் பொருளாதாரம் என்று பேசுகிறவர்கள் அவரிடம் திரும்பி வருகிறார்கள். நம் ஊர்ப் பாடத்திட்டத்தில் அவருக்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அதைவிடப் பழையதும் நம்மிடம் உண்டு. மணிமேகலையில் ஆபுத்திரன் கதை நடப்பது மதுரையில். ஊரில் பிச்சையெடுத்து, குருடர்களையும் செவிடர்களையும் முடமானவர்களையும் ஆதரவற்றவர்களையும் கூப்பிட்டு ஊட்டிவிட்டு, மிச்சத்தைத் தின்று, பிச்சையெடுத்த ஓட்டையே தலைக்கு வைத்துப் படுக்கிறவன். அவனுக்குச் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைத் தருகிறாள். பன்னிரண்டு வருஷம் மழை இல்லாமல் கிடந்த பாண்டிய நாட்டில் இந்திரன் மழை பெய்யவைக்கிறான். எல்லோர் வீட்டிலும் சோறு. ஆபுத்திரனைத் தேடி யாரும் வருவதில்லை, பசித்தவர்கள் உட்கார்ந்த அம்பலத்தில் சூதாடிகளும் வெட்டிப்பேச்சுக்காரர்களும் உட்காருகிறார்கள். பசி தீர்ந்த பிறகு மனிதர்கள் எதற்காகச் சேர்ந்திருப்பார்கள்? உலகத்தின் எல்லா இலட்சிய சமுதாய எழுத்துகளும் கடைசியில் முட்டி நிற்கிற கேள்வி இது. அதே காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாறுகிறது, அது இன்னொரு ஆராய்ச்சி. ஐரோப்பியக் கற்பனைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட வரலாறுகளில் ஆபுத்திரனுக்கு இடம் இல்லை. அந்த இடத்தைப் போட்டுக் கொடுப்பது நம் பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை.

வேலை என்று சொல்லும்போது அதன் அன்றாடத்தையும் சொல்லிவிடுகிறேன், அந்த அப்பாவுக்குத் தெரிய வேண்டும். பெரும்பாலான நேரம் தூசி. பழுப்பேறித் தொட்டால் உடைகிற தாள், பெயர் இல்லாத நோட்டீசு, தேதி இல்லாத துண்டறிக்கை. எந்த அச்சகம், என்ன விலை, யார் கையெழுத்து என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்த வேண்டும். கொஞ்சம் ஆங்கிலம் போதாது, நன்றாக வேண்டும். முடிந்தால் இன்னொரு மொழியும். மாலையில் ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசத் தெரிய வேண்டும். ஈ.பி. தாம்ப்சன் இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றை 1963இல் எழுதியபோது அவர் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில், வேலை முடிந்து வருகிற பெரியவர்களுக்கு ஊர் ஊராகப் போய் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வகுப்புகளின் வாசனை அந்தப் புத்தகத்தில் இருக்கிறது.

நெட்லாவைப் போல ஒருவர் நமக்கும் இருந்தார். காரைக்குடி அருகே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை வரைகிறவர். பழைய தமிழ்ப் புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. தமிழ்நாட்டின் நவீன வரலாற்றை எழுதுகிற யாரும் அந்த நூலகத்து மேஜையில் உட்காராமல் எழுத முடியாது. என் மாணவியையும் முதலில் அங்கேதான் அனுப்பியிருக்கிறேன்.

ஆனால் அங்கே வந்து சேராதது எவ்வளவோ இருக்கிறது. மதுரை, விருதுநகர், தேனி, திண்டுக்கல் வட்டாரத்தில் தாத்தாவோ பாட்டியோ சுயமரியாதை இயக்கத்திலோ, மில் சங்கத்திலோ, விவசாயிகள் சங்கத்திலோ, பூதான இயக்கத்திலோ, சர்வோதயத்திலோ இருந்திருந்தால், உங்கள் வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டை இடித்துக் கட்டும்போது அது பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகிறது. போடுவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு நாள் கொடுங்கள். கல்யாணப் பத்திரிகை, சங்க ரசீது, கூட்ட நோட்டீசு, சிறையிலிருந்து வந்த கார்டு, எதுவானாலும் சரி. உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, அடுக்கி, திரும்ப உங்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எந்தத் தாள் யாருடையது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லுங்கள், அதையும் அந்தப் பெண் எழுதிக்கொள்வாள்.